ரெஜினா ரீச்சர் ஏற்றவிடாத மடிக்கணினிகள்

முருங்கனில் பேருந்து ஏறிச் சிறிது நேரத்தில் அதிபரின் அழைப்பு வந்தது. "ரீச்சர், எங்கட ரெஜினா ரீச்சர் போயிட்டா" என்றார். "எங்க, கல்விக் கந்தோருக்கோ? இண்டைக்கு ஆரோட சண்டை?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழுவது கேட்டது. மாரடைப்பு. உப்புக்குளத்து வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

நான் அப்படிக் கேட்டதை ரெஜினாவை அறிந்த நீங்கள் பிழையாக எடுக்கமாட்டீர்கள். எங்கள் பாடசாலையில் அவர் கணினி படிப்பித்தார், நான் கணிதம். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த கதிரைகள். "கோபப்படாமல் வேலை நடக்கிற இடம் இருந்தால் சொல்லும், மாற்றம் எடுத்துக்கொண்டு போறன்" என்பார்.

யாரோ நன்கொடையாகத் தந்த, லினக்ஸ் இயங்குதளம் போட்ட மடிக்கணினிகள் எங்களுக்கு வந்திருந்தன. ஒன்றிலும் வைபை வேலை செய்யவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பவேண்டிய காலம் அது. கல்வி அலுவலகமான கந்தோரிலிருந்து வந்த அதிகாரி இரண்டைத் திறந்து பார்த்தார். "நெற்வேர்க் கார்ட் செத்திட்டுது. திருப்பி எடுக்கிறம்" என்றார். வாகனம் வாசலில் நின்றது.

ரெஜினா கணினி அறைக் கதவை மறித்து நின்றார்.

"எல்லாம் ஒண்டா செத்ததோ, சேர்? நாடி பாத்தனீங்களோ?"

"ரீச்சர், இதுகளுக்கு லினக்ஸ் சரிவராது. உங்கட பிள்ளையளுக்கும் விளங்காது."

அந்த இரண்டாவது வசனம்தான் அவரைக் கொதிக்க வைத்தது. "பின்னேரம் மட்டும் பொறுங்கோ. அதுக்குமுதல் ஒண்டையும் ஏத்த விடமாட்டன்" என்றார்.

வைபையை நிறுத்தும் பொத்தானில்தான் பிழை என்று முதலில் நினைத்தார். அது இல்லை. பிறகு கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்துப் பார்த்தார். கார்டின் பெயர் தெளிவாக வந்தது. கணினிக்கு அதைத் தெரிந்திருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இருக்கிறது. ஆனால் கார்டுக்குள் ஏற்றவேண்டிய கோப்பொன்று கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தி சொன்னது. "பாரும், உயிரோட இருக்குது. சாப்பாடுதான் குடுக்கேல்லை." தன் கைத்தொலைபேசியை வயரால் மடிக்கணினியில் பொருத்தி, அதன் இணைய வழியாகக் கோப்பை இறக்கினார். முதலில் இறக்கியது வேறு மாதிரிக் கார்டுக்குரியது. தன்னையே ஏசிக்கொண்டு சரியானதை இறக்கி, கணினியை நிறுத்தித் திரும்பத் தொடக்கினார். திரையின் மூலையில் பாடசாலை வைபையின் பெயர் தோன்றியது. நான் கத்திவிட்டேன். அவரோ அடுத்த மடிக்கணினியை இழுத்துக்கொண்டிருந்தார்.

வாகனம் வெறுமையாகப் போனது. அந்த வாரமே பிள்ளைகள் தங்கள் விண்ணப்பங்களை அங்கிருந்து அனுப்பினார்கள். தோட்டவெளி மீனவர் ஒருவரின் மகள் இன்று மருத்துவபீடத்தில் படிக்கிறாள்.

கணினி அறைக்குப் பிறகு வைத்த திறப்பு விழாவில் மாலை அந்த அதிகாரிக்கு விழுந்தது. மடிக்கணினிகளைச் சீர்செய்து தந்தவர் என்று அறிவித்தார்கள். அவர் மறுக்கவில்லை. "எழும்பிச் சொல்லுமப்பா" என்று நான் ரெஜினாவைத் தட்டினேன். "மாலையை அவரே வைச்சிருக்கட்டும். எங்கட பிள்ளையளுக்கு விளங்காது எண்டு சொன்னவர். அதுக்கு மன்னிப்புக் கேட்கட்டும்" என்றார். கூட்டம் முடிந்ததும் அதிகாரியிடம் நேரில் போய் அதையே சொன்னார். அவர் சிரித்து மழுப்பினார். மன்னிப்பு இன்றுவரை வரவில்லை.

அடக்க நாளன்று கிறிஸ்தவக் கோவில் வாசலில் கந்தோரின் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. அதில் ரெஜினா 'கணினி அறை உதவியாளர்'. இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்த பட்டதாரி ஆசிரியை! அதே அதிகாரி பக்கத்தில் நின்றார். பதாகையைக் கழற்றச் சொன்னேன்.

"செத்த வீட்டில ஏன் ரீச்சர் பிரச்சினை?"

"அவ இருந்திருந்தா அவவே கேட்டிருப்பா. இனி நான்தான் கேட்பன். கழற்றுங்கோ."

எனக்கே பழக்கமில்லாத அளவுக்கு என் குரல் உயர்ந்திருந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி கயிற்றை அவிழ்க்கும்வரை நான் அசையவில்லை. ரெஜினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குரல். அதைத் தாழ்த்துவதாக இல்லை.