வேனுக்குள் காட்டிய சாம்பிராணி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, போர்ட் கிள்ளானுக்கு அப்பால் பாலம் கடந்து போனால் வரும் புலாவ் இண்டா தீவின் கடலோரத்தில் நடந்தது இது. நானும் என் கணவரும் எங்கள் சொந்த வேனில் அங்கே தங்கியிருந்தோம். 'சொந்த வேன்' என்று எழுதும்போது இன்றும் மனத்தில் ஒரு சிறு பெருமை எட்டிப் பார்க்கிறது.

அது முன்பு ரொட்டி ஏற்றிச் சென்ற பழைய வேன். ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர், அம்பாங்கில் ஒரு நண்பரின் கொட்டகையில் எட்டு மாதம் உழைத்து அதைப் படுத்துறங்கவும் சமைக்கவும் ஏற்ற வண்டியாக மாற்றினார். மடக்கிக் கொள்ளும் கட்டில், கை கழுவச் சிறு தொட்டி, மின்விசிறி, இரண்டு அலமாரி. அதற்கான அனுமதிக்காக நாங்கள் அலைந்த கதையைத் தனியாகவே எழுதலாம்.

என் பங்கு ஒரு நோட்டுப் புத்தகம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவள். படிக்காமல் எதையும் தொடங்கும் வழக்கம் எனக்கில்லை. வேன் பயணம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தேன். கனமான பொருள்களைக் கீழே, சக்கரங்களுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். முதல் வளைவிலேயே அரிசியும் பருப்பும் ஒன்றாகிவிடும் என்பதால் திருகு மூடிப் புட்டிகளே நல்லது. தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தக் கூடாது. தரை சமமா என்று அறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இடத்தைத் தேர்ந்ததும் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தால் கதவு திறந்திருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. எழுதிய அத்தனையும் சரியானவைதான். எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது.

வண்டி முடிந்த நாளன்று என் கணவர் என்னைக் கைவிளக்கோடு உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து குழாயால் கூரையிலும் பக்கங்களிலும் தண்ணீரைப் பீய்ச்சினார்.

"சொட்டுதா?"

"இல்ல."

"நல்லா பாரு. சொட்டுதா?"

"இல்லங்கிறேன்ல."

கதவைத் திறந்தபோது அவர் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல் இருந்தது. "ரயில் பெட்டிகூட இப்படி இருக்காது தெரியுமா? ஒவ்வொரு இடுக்கும் ரப்பர் வச்சு அடச்சிருக்கேன். எறும்பு நுழையாது" என்றார். அந்த வேனின் மேல் அவருக்கிருந்த அன்பு முழுவதும் அந்த ரப்பர் பட்டைகளில் இருந்தது.

என் அன்புக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாம்பிராணி காட்டுவது திருமணமான நாள்முதல் நான் விடாத பழக்கம். அந்த மணம் பரவிய பிறகுதான் அது வீடு என்று எனக்குத் தோன்றும். வேனில் நாங்கள் கழிக்கப்போகும் முதல் வெள்ளிக்கிழமை அது. எனவே தூபக்காலையும் நான்கு சிரட்டைக் கரித்துண்டுகளையும் ஒரு பொட்டலம் சாம்பிராணியையும் எடுத்து வைத்திருந்தேன்.

"வேனுக்கு எதுக்கு சாம்பிராணி? கொசுவுக்கா, சாமிக்கா?" என்று கேட்டார் கணவர்.

"ரெண்டு பேருக்கும்தான்."

அன்று மாலை கடல் வற்றிச் சேறு மினுங்கியது. அலையாத்தி மரங்களுக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மூடுபனிக்குள் நிற்கும் ஒட்டகச்சிவிங்கிகளைப்போல் நின்றன. சாலையின் மறுபக்கம் கண்டெய்னர் லோரிகள் துறைமுக வாசலில் தங்கள் முறை வருவதற்காக வரிசையில் காத்திருந்தன. நான் கரியை வெளியே வைத்துப் பற்றவைத்தேன். கனன்றதும் சாம்பிராணியைத் தூவி, வேனை ஒருமுறை வலம் வந்து, தூபக்காலை உள்ளே கொண்டுபோய் மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். வெண்புகை கட்டிலின் மேலும் திரைச்சீலைகளிலும் மெல்லப் படிந்தது. என் வீடு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது மழை பிடித்தது. சாதாரண மழையல்ல, கடலைத் தூக்கி வீசுவது போன்ற மழை. கணவர் கதவையும் ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினார். கூரையை அண்ணாந்து பார்த்து, "பாத்தியா, ஒரு சொட்டு இல்ல" என்றார். நான் தூபக்காலைத் தொட்டிக்குக் கீழே ஒரு தட்டின் மேல் வைத்தேன். கொசுவுக்காக இன்னும் ஒரு சிட்டிகை சாம்பிராணியைப் போட்டேன். சற்று நேரத்தில் புகை மெலிந்து பழைய துணியில் தங்கும் மணம்போல் இதமாகிவிட்டது. புகை மெலிந்ததும் நெருப்பும் முடிந்ததாகவே என் மனம் கணக்கு வைத்துக்கொண்டது. அடுப்பைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியவள் நான். ஆனால் சாம்பிராணியை நான் ஒருநாளும் நெருப்பு என்று எண்ணியதில்லை. அது எனக்கு மணம், வழிபாடு, வெள்ளிக்கிழமை.

மழை ஓயும்வரை சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்தோம். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? என் வாழ்வின் இனிமையான பொழுதுகளில் ஒன்றாகவே அது இன்றும் நினைவில் இருக்கிறது. மழை கூரையில் ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. கைகால்கள் பஞ்சாகிவிட்டன. கட்டில், வேன், தீவு எல்லாம் கயிறு அவிழ்த்த படகுபோல் மெல்ல நகர்வதாகத் தோன்றியது. கணவர் தலை வலிக்கிறது என்றார். எனக்கும் வலித்தது. நான்கு மணிக் காப்பியைத் தவறவிட்டதால் இருக்கும் என்று சொல்லி அவர் நெற்றியில் தைலம் தடவினேன். விரல்கள் நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அதுகூட வேடிக்கையாக இருந்தது.

வழக்கமாக அவர் அதிகம் பேசாதவர். அன்று கண்ணை மூடியபடியே, "இங்கயே இருந்திடலாமா?" என்று கேட்டார்.

"இருந்திடலாம்" என்றேன்.



பிறகு நான் நூலகத்தில் இருந்தேன். என் முன்னால் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி முத்திரை குத்தினேன். டக், டக். யாரோ வெளியே அவசரப்படுவதுபோல் இருந்தது. இந்தப் புத்தகம் முடியட்டும், பிறகு யாரென்று பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். டக், டக், டக். அதற்குப் பின் ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. கப்பல் கிளம்புகிறது, போகட்டும் என்று நினைத்தேன். மறுபடியும் ஊதியது. மூன்றாவது முறை நிற்கவே இல்லை. அந்த ஓசை நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து என்னை உலுக்கியது.

கண் திறந்தது. எழ முடியவில்லை. கணவரை அழைக்க வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அவர் முகம் அமைதியாக, மிகவும் அமைதியாக இருந்தது. கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தேன். கதவு என்னிடமிருந்து இரண்டு முழத் தூரம்தான். அதைத் தவழ்ந்து கடக்க எவ்வளவு நேரம் எடுத்தேன் என்பது எனக்குத் தெரியாது. கொக்கியில் விரல் மாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

கதவு வழுக்கித் திறந்தது. ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பெண் குரல், "அக்கா! வெளிய வாங்க! மூச்ச இழுங்க, நல்லா இழுங்க!" என்று கத்தியது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஒளிரும் பட்டை வைத்த வேலைச் சட்டை போட்டிருந்தார். என்னை ஈரப்புல்லில் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தார். படுக்கை விரிப்போடு சேர்த்து என் கணவரை இழுத்துக்கொண்டு வந்து மழைத்தூறலில் கிடத்தினார். திரும்ப ஓடித் தூபக்காலின் பிடியைத் துணியால் பற்றிக் கொண்டுவந்து சாலையோரக் குட்டையில் வீசினார். அது சீறியதைக் கேட்டபோதுதான் இவ்வளவு நேரமும் அது எரிந்துகொண்டிருந்தது என்பதே எனக்குப் புரிந்தது.

"அண்ணே! அண்ணே! முழிங்க லா! அண்ணே!" என்று அந்தப் பெண் என் கணவரின் கன்னத்தைத் தட்டினார். அசைவில்லை. நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. அதைத் தவிர எனக்கு வேறு ஆறுதல் இருக்கவில்லை. ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் கைப்பேசியில் ஆம்புலன்ஸை அழைத்து, மலாயில் வேகவேகமாக வழி சொன்னார் அந்தப் பெண். தூறல் கணவரின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் இமைகள் அசைந்தன. ஒரு துளி நெற்றியிலிருந்து மூக்கில் வழிந்தது.

"சொட்டுதா?" என்றார்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்தான் சத்தமாகச் சிரித்தார். "ஆமாண்ணே, நல்லா சொட்டுது. சொட்டட்டும்!"

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் எங்கள் இருவர் நடுவே குந்தியிருந்தார். எதிரே நின்ற கண்டெய்னர் லோரி அவருடையது. அன்று மாலை வேலை என்பதால் வீட்டில் விளக்கேற்ற முடியாத வருத்தத்தில் இருந்தாராம். மழை சற்றுத் தணிந்தபோது எங்கள் வேனின் பின்விளக்கு ஓரத்திலிருந்து நூல்போல் புகை கசிவதைப் பார்த்திருக்கிறார்.

"வண்டி எரியுதோன்னு பயந்து ஓடி வந்தேன். கிட்ட வந்தா சாம்பிராணி! சரி, நாமளும் ஒரு கை காட்டிக்கலாம்னு தட்டினேன். வெளிய ரெண்டு ஜோடி சிலிப்பர் இருக்கு, பதிலே இல்ல. திரை இடுக்குல பாத்தா அண்ணன் கால் தெரியுது, கீழ கரி செகப்பா கனலுது. கதவு உள்பக்கம் கொக்கி போட்டிருக்கு, அதான் லோரிக்கு ஓடி ஹாரன விடாம அடிச்சேன். எங்க டிரைவர் ஒருத்தரு இப்படித்தான், எஞ்சின ஓடவிட்டு லோரியில தூங்கினாரு. எழுந்திரிக்கவே இல்ல."

இடையில் அவர் கைப்பேசி இருமுறை ஒலித்தது. துறைமுக வாசலில் அவர் முறை வந்துவிட்டிருந்தது. "போனா போவுது, மறுபடி வரிசையில நிக்கிறேன்" என்று அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். எங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு, "சாம்பிராணி காட்டிக்க வந்தவள ஆம்புலன்ஸ் கூப்பிட வச்சுட்டீங்களே அக்கா! அடுத்த தடவ வெளிய வச்சுக் காட்டுங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். கதவு சாத்தப்பட்டது. அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது வண்டி பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

கிள்ளானில் உள்ள மருத்துவமனையில் எங்களுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மலாய்த் தாதி ஒருவர், உள்ளே சமைத்தீர்களா என்று கேட்டார். இல்லை, 'கெமெஞான்' என்றேன். சாம்பிராணிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர்; அவர்களில் பலருக்கு அது ஆவிகளை அழைக்கும் மந்திரவாதியின் புகை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்ன நினைத்தாரோ, மெதுவாக நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். மருத்துவர் நிதானமாக விளக்கினார். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. அது பெரும் வலியோடு வருவதில்லை, லேசான தலைவலிக்குப் பின் சுகமான உறக்கமாகத்தான் வரும். வண்டியில் தங்குகிறவர்களுக்கு நான் இப்போது மறக்காமல் சொல்வது இதைத்தான்: சாம்பல் மூடி அணைந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் கரியை உள்ளே கொண்டுபோகாதீர்கள். எதிரெதிரான இரண்டு ஜன்னல்கள் எப்போதும் இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும். அந்த வாயுவை உணர்ந்து கூவும் சிறு கருவியொன்றைப் படுக்கையருகே மாட்டுங்கள். உள்ளே இருக்கும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் தைலம் தேடாதீர்கள். கதவைத் திறந்து வெளியே போங்கள்.

வீடு திரும்பிய பிறகு நாங்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளவில்லை. நான் கரியை வைத்தேன், அவர் இடுக்கை அடைத்தார். இரண்டையும் அன்பினால்தான் செய்தோம். வீட்டில் ஒருபோதும் சரியாகச் சாத்தாத ஜன்னல்கள்தான் இத்தனை ஆண்டுகளாக என் வெள்ளிக்கிழமைகளைக் காத்து வந்திருக்கின்றன என்பதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வேனின் இடது பின்விளக்கைக் கழற்றினார். அங்கே ரப்பர் பட்டை ஒரு விரல் நீளத்துக்குச் சுருண்டு உள்ளே போயிருந்தது. எட்டு மாத வேலையில் அவர் தவறவிட்ட ஒரே இடம். என் கைவிளக்கும் அங்கே எட்டவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கை அப்படியே மாட்டிவிட்டு, துளையிடும் கருவியை எடுத்துக்கொண்டு, தாம் அவ்வளவு ஆசையாகச் செய்த கூரையில் ஏறிக் காற்றுப்போக்கிக்கு வட்டமாக ஒரு துளை அறுத்தார். கீழே நின்ற நான் ஏணியைப் பிடித்திருந்தேன். 

அந்தக் கடலோரத்துக்கு அதன்பின் பல வெள்ளிக்கிழமைகள் போயிருக்கிறோம். தூபக்காலை வேனிலிருந்து பத்தடி தள்ளி, லோரி வரிசையைப் பார்த்தபடி வைக்கிறேன். சில ஓட்டுநர்கள் இறங்கி வந்து புகையில் கைகாட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பெண் மட்டும் இன்னும் வரவில்லை. மழையிலும் பதற்றத்திலும் பார்த்த முகம் என்பதால், வந்தால் அடையாளம் தெரியுமா என்றும் எனக்கு ஐயம் உண்டு.

பின்விளக்கு ஓரத்து அந்த இடைவெளியை நாங்கள் அடைக்கவே இல்லை. பெருமழையில் அது வழியாகத் தண்ணீர் உள்ளே சொட்டும். அதற்கடியில் ஒரு டம்ளரை வைத்திருக்கிறோம். உறங்கப் போகும் வேளையில் அதில் டக், டக் என்று துளி விழும்போது யாரோ கதவைத் தட்டுவதுபோலவே எனக்குக் கேட்கிறது. எழுந்து போய்க் கதவை ஒருமுறை திறந்து, வெளியே யாருமில்லாத மழையைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இன்றும் வந்து படுக்கிறேன்.