அம்மா அழுத சீரியல்

தமிழ்ச் சீரியல்கள் மேல் எனக்கு இருந்தது சாதாரணக் கோபம் அல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடிய கோபம் முழுவதையும் நான் அவற்றுக்கே செலவழித்தேன். நோர்வேயில், ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அப்போது இருந்தோம். வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சி. மாலை ஆறு மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கும். அடுத்த நாள் வகுப்பில் அதைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலந்துகொண்டிருப்பாள்.

முன்பெல்லாம் ஆறு மணி என்னுடையதாகத்தான் இருந்தது. 2009 பிறந்ததும் அம்மா ரிமோட்டைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை. நான் என் அறையிலிருந்து வந்து கூடத்துக் கதவைத் திறக்கும்போதெல்லாம் திரையில் சீரியல், எதிரே கன்னமெல்லாம் ஈரமாக அம்மா. சோகக் காட்சிக்கு அழுதால் பொறுத்திருப்பேன். கல்யாண வீட்டில் எல்லாரும் கும்மாளம் போடும் காட்சிக்கும் அழுதார். சோப்பு விளம்பரத்துக்கும் அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, என்ரை புரோக்கிராம் தொடங்கிட்டுது" என்றால், "போய் ஏதும் புத்தகத்தை எடுத்து வாசி" என்பார். வாசித்தேன். நூலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்களைக் கட்டிலில் குப்புறக் கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். என் நோர்வேஜிய மொழியை ஆசிரியை புகழ்ந்தபோதெல்லாம் அந்தப் புகழில் பாதி அந்த மாமியாருக்குப் போகவேண்டியது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா பேருந்து ஓட்டினார். வேலை முடிந்து வந்தவரிடம் முறையிட்டேன். "அம்மாவை விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்துவிட்டார். நியாயம் கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் ஆசிரியை, ஒரு வாரத்துக்கு வீட்டில் என்ன பார்த்தீர்கள், என்ன வாசித்தீர்கள் என்று நாட்குறிப்பு எழுதி வரச் சொன்னார். மற்றவர்களுக்கு அது வீட்டுப்பாடம். நானோ அதை முறைப்பாட்டு மனுவாக எழுதினேன். திங்கள்: நான் எதுவும் பார்க்கவில்லை, தனியாக வாசித்தேன், அம்மா அழுதார். செவ்வாய்: தனியாக வாசித்தேன், அம்மா அழுதார். ஞாயிறு வரை அப்படியே. ஏன் அழுதார் என்று எழுதவில்லை. அந்த அபத்தக் கதைக்கு என் கொப்பியில் ஒரு வரிகூடக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அம்மாவைச் சந்திக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படிக் கடிதம் வந்தால் அரசாங்கத்தின் சிறுவர் நலப் பிரிவினர் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் அந்த நாட்களில் எங்கள் சனத்தில் பல வீடுகளில் இருந்தது. அப்பாவுக்கு அன்று வேலை. அம்மா ஒரு சலவைச்சாலையில் வேலை செய்தார். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் அவருக்கு மொழி வசப்படவில்லை. தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தரவா என்று ஆசிரியை கேட்டார். அம்மா உடனே மறுத்தார். வருகிறவர் எங்கள் ஆளாகத்தான் இருப்பார், பின்னேரத்துக்குள் புருசெத் முழுக்கக் கதை போய்விடும் என்பது அவர் கணக்கு. ஆகவே தொல்க் நான்தான்.

ஆசிரியை மேசையில் கையை வைத்து, மிக மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஏன் ஒவ்வொரு நாளும் அழுறியள் எண்டு கேக்கிறா."

அம்மா ஆசிரியையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு, "சீரியல் பாத்து எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். ஆசிரியை நிம்மதியாகச் சிரித்துவிட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. என் அம்மா ஒரு முட்டாள் என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாரே என்று ஆத்திரம். ஆசிரியை ஒரு ஆலோசனை சொன்னார்: ஆறு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையோடு பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். பதினைந்து நிமிடத்தை நான் ஒரு மணித்தியாலம் என்று மொழிபெயர்த்தேன். வாரக்கணக்காக என் நேரத்தைத் தின்றவருக்கு அது போதாது என்றுகூட நினைத்தேன்.

அம்மா பயத்தில் அதை அப்படியே செய்தார். ஆறு மணிக்குத் தொலைக்காட்சி நிற்கும். அதனால் என் நிகழ்ச்சி எனக்கு அப்போதும் கிடைக்கவில்லை என்பது தனி எரிச்சல். அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு முள்ளம்பன்றிக் குடும்பத்தின் கதையை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒரே வரியை இரண்டு தரம், மூன்று தரம் வாசிப்பார். கண் சுவர் மணிக்கூட்டில் இருக்கும். "அந்த வரி வாசிச்சாச்சு அம்மா" என்று நான் சீறுவேன். ஏழு மணியானதும் எழுந்து ஓடிப்போய்க் கூடத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். சீரியல் பைத்தியம் என்று மனதுக்குள் திட்டுவேன்.

எனக்கு இருபத்தைந்து வயதானபோது, சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அம்மாவைச் சீண்டினேன்.

"அந்த மாமியாருக்குக் கடைசியிலை என்ன நடந்தது?"

"எந்த மாமியார்?" என்றார் அம்மா.

எவ்வளவு விளக்கியும் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கதையில் ஒரு பெயர்கூட அவருக்குத் தெரியாது. அப்பாதான் சொன்னார். ஆறு மணிக்கு வேறொரு அலைவரிசையில் ஊர்ச் செய்தி போகும். சண்டை நடந்த வன்னிக்குள் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, மனைவி பிள்ளைகளோடு அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. பிறகும் வரவே இல்லை. என் அறைக் கதவுச் சத்தம் கேட்டதும் அம்மா ரிமோட்டை அமத்திச் சீரியலுக்கு மாற்றிவிடுவாராம்.

"பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் எண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்தனாங்கள்" என்றார் அப்பா.

பதினைந்து நிமிடத்தை ஒரு மணித்தியாலம் ஆக்கியது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வந்ததெல்லாம் கோபம்தான். ஆசிரியையிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை, அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தாரே, என்னையும் சேர்த்து வெட்கப்பட வைத்தீர்களே என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

"தொல்க்கா இருந்தது நீயெல்லோ பிள்ளை" என்றார்.