லிஃப்டில் ஒட்டிய பெயர்

மூக்கைக் காந்தும் கிருமிநாசினி நாற்றம் எங்காவது அடித்தால் இன்றும் எனக்கு மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் பழைய லிஃப்ட் நினைவுக்கு வரும். கூடவே கோபமும் வரும். கொரோனா பரவியபோது நான் ஆரம்பப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. ஊர் உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து அனுப்பிய தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மாவுக்கே நோய் தொற்றியதும், சுகாதார அதிகாரிகள் எங்கள் இருவர் கையிலும் ‘பிங்க் பட்டை’ கட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார். ஐந்தாம் மாடி அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு, அவருக்கு ஒட்டிக்கொண்டால் தாங்கமாட்டார் என்று சொல்லிச் சொல்லியே என்னை வாசற்படி தாண்டவிடவில்லை.

அந்த அக்காவின் கணவர்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். பிள்ளைகள் எங்களுக்கு ‘சேர்மன் அங்கிள்’. அவர் எங்கள் வீட்டு எண்ணையும் அம்மாவின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி லிஃப்டில் ஒட்டினார். யார் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். நோய் தீர்ந்து, அதிகாரிகள் சொன்னபடி பட்டையை வெட்டி எறிந்த பிறகும் தாள் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் படியிலேயே போய்வரும்படி அங்கிள் போனில் சொன்னார். எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடி. அம்மாவுக்கோ நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை அம்மா தீபாவளிப் பட்டுச்சேலையைக் கட்டி, முகக்கவசம் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். ஒரு பொத்தான் விடாமல் எல்லா மாடிக்கும் அழுத்தினார். கதவு திறந்த இடமெல்லாம் நின்றவர்கள் பின்வாங்க, அம்மா அவர்களைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாடியில் அங்கிளும் அக்காவும் மருத்துவமனைக்குப் போக நின்றார்கள். அம்மா தாளைக் கிழித்து அங்கிளிடம் நீட்டினார்.

“உங்க வீட்டு அக்காவுக்கு ஒட்டிடக் கூடாதுன்னுதான் அண்ணே நான் உள்ளயே கெடந்தேன். அதுக்கு இதுவா மரியாத?”

அங்கிள் ‘ரூல்ஸ்லா, ரூல்ஸ்’ என்று என்னவோ முணுமுணுத்தார். அக்கா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு எங்களோடு ஏறிவிட்டார். அங்கிள்தான் படியில் இறங்கினார்.

இப்போது அந்த லிஃப்டே இல்லை, புதிதாக மாற்றிவிட்டார்கள். மறுபடியும் ஒரு தொற்று வந்தால் யாரும் சொல்லாமலே நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். பெயரை மட்டும் யாராவது ஒட்டிப் பார்க்கட்டும். அம்மாவின் பட்டுச்சேலை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.