வேலி ஒன்றுக்குத்தான் கம்பி

நம்மைப் பார்க்கும் உயிரையும், பார்க்கக் கண்ணே இல்லாத உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? படித்தவர்கள் ஏட்டில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ரேணுகாவிடம் நேரிலேயே கேட்டுவிட்டார்கள்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கல்குன்றுக்கு அவர் வனத்துறையின் தினக்கூலிக் காவலர். படிப்பு பத்தாவது. அடிவாரப் புளியந்தோப்பில் தேவாங்கை முதலில் கண்டவர் அவர்தான்: இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, முகமெல்லாம் கண். அதே ஆண்டு, மேலே சுனையோரப் பாறையில் நெல்மணி உயரம்கூட இல்லாத ஒரு பாசியைக் காட்டி, "மத்த பாசி காஞ்சா கறுக்கும், இது செவக்குது" என்றார். கல்லூரிப் பேராசிரியை பிரதீபா அதில் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்துப் போனார். தமிழ்நாட்டில் இதற்குமுன் ஒரே இடத்தில்தான் பதிவாகியிருக்கிறது என்று மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு ரேணுகா ஊருக்குள் நடந்த நடைக்கு நியாயம் இருந்தது.

இரண்டுக்கும் ஆபத்து. தோப்பில் விறகுக்குக் கிளை வெட்டினார்கள். ஆடிக்கு வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று சுனைப் பாறையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். போன ஆடியில் பாதிப் பாசி போயிற்று. வேலி போட வனத்துறையிலிருந்து வந்த கம்பியோ ஓரிடத்துக்குத்தான் போதும்.

"ரெண்டையும் கண்டது நீங்க. நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் வனவர் பார்த்திபன்.

கொழுந்தன் கலைவாணனுக்குச் சந்தேகமே இல்லை. "இதுல யோசிக்க இன்னா அண்ணி கீது? தேவாங்குன்னா வேடந்தாங்கலாட்டம் ஜனம் வரும். இஸ்கூல்ல உன்னையே தேவாங்குன்னுதான கூப்டாங்க, சொந்தத்த வுட்டுக் குடுப்பியா? பாசி நம்ம வூட்டு பாத்ரூம்லயே கீது."

"மொதல்ல அத்தக் கழுவு" என்றார் ரேணுகா.

மின்கம்பியில் அடிபட்ட தேவாங்கொன்றை முந்தானையில் ஏந்தி ஆறு கிலோமீட்டர் நடந்தவர் அவர். அதனால் எல்லோரும் தோப்பில் காத்திருந்தார்கள். காலையில் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தோப்பைத் தாண்டினார். நிற்கவில்லை. பாறைமேல் ஏறிச் சுனையோரம் இறக்கினார்.

பின்னால் மூச்சிரைக்க வந்த பார்த்திபன், "தேவாங்கு ஓடிப் பொழச்சிக்கும், பாசியால முடியாது. அதானம்மா?" என்றார்.

"தேவாங்கு எங்க சார் ஓடுது, அது நகர்றதே மெதுவா. அதுக்குத் தோப்புல அத்தினி பேர் நிக்கிறாங்க, இதுக்கு ஆரு நிக்கிறா?" என்ற ரேணுகா, கடப்பாரையை வாங்கி முதல் குழியைத் தானே போட்டார்.