படுத்தே பூக்கும் புல்

புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் வாசல் ஜாகாவை எனக்குப் பிடிக்காது. நரைத்த மீசைக் காவல்காரர். காவல் நிற்கும் நேரமெல்லாம் பாதையில் முளைத்த புல்லை பூட்ஸ் காலால் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அந்த வாசலிலேயே சூப்பர்வைசர் என்னைத் திட்டித் தீர்த்தார். "சாரி பாஸ்" என்று தலை குனிந்தேன்.

அவர் போனதும் ஜாகா கீழே காட்டினார். "வேலியோரம் நிமிந்து நின்ன புல்ல நேத்து மெஷின் வெட்டிருச்சி. இது மிதிபட்டு மிதிபட்டு, படுத்துக்கிட்டே பூக்குது பாரு தங்கச்சி. ஒன்ன மாதிரிதான்லா."

"நீங்கதானே அண்ணே அத மிதிக்கிறீங்க?"

"மிதிக்கலன்னா நிமிந்துரும்ல."

அக்கறையா, நக்கலா? அந்த வேலையை விட்டு வெகுநாளாகியும் தெரியவில்லை. அங்கே எல்லாரும் பேச்சின் நுனியில் சும்மா ஒட்டும் அந்த 'லா'வை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.