மேடம் ஒளித்து வைத்த தப்பு

ஒரகடம் பக்கத்தில் நான் படித்த நர்சிங் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் குள்ளம். குரல் மட்டும் மாடி வரைக்கும் கேட்கும். பாதிப் பாடத்தை ரீல்ஸ் போட்டே நடத்துவார். ஒவ்வொரு ரீலிலும் வேண்டுமென்றே ஒரே ஒரு தப்பை ஒளித்து வைப்பார். அதைக் கண்டுபிடித்து கமெண்டில் எழுதுவது எங்கள் வேலை. கம்பெனி பஸ்களுக்கு நடுவே எங்கள் காலேஜ் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, எல்லோரும் போனில் தப்பு தேடிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் கை கழுவும் ரீல். கட்டைவிரலைத் தேய்க்கவில்லை என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அவசரத்தில் வீட்டுப் பேச்சிலேயே, "மேம், கைல வாட்ச் கீது" என்று போட்டுவிட்டேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே போகிற கம்பெனிக்காரர்கள்கூட அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இன்னாமா, ஊரே பாக்கற எடத்துல என் மானத்த வாங்கிட்ட?"

"தப்பு கண்டுபுடிக்கச் சொன்னது நீங்கதானே மேம்" என்றேன்.

என்னையே பார்த்தவர் சிரித்துவிட்டார். "அப்படிக் கேளு! வாட்ச்சுக்கு அடியில தங்கற கிருமி நேரா பேஷண்ட் புண்ணுக்குத்தான் போவும். நாளைக்கு பெரிய டாக்டரே வாட்ச்சோட வந்தாலும் இதே மாதிரி கேக்கணும்."

எப்போதும் ஒரு தப்புதான் வைப்பார். அன்று இரண்டு இருந்தன. வாட்ச் அவர் வைத்ததா, மறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ரீலில், வணக்கம் சொல்வதற்கு முன்பே வெறும் மணிக்கட்டைக் கேமராவுக்குக் காட்டினார்.

"பாத்துக்கோமா, வாட்ச் இல்ல."