தானாக ஓடுவதற்கு முன்

போடியில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். போன தை மாதம், போடிமெட்டில் சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். நோயாளி மனைவிக்காக அவர் வாங்கி மாட்டிய, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ஏசி அது. மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும் தம்பி. நின்னதும் நான் சுவிட்ச அமத்திருவேன்" என்றார்.

ஓடவிட்டுப் பார்த்தேன். சூடான காற்று வந்தது, சற்று நேரத்தில் நின்றது. வெளியே போய்ப் பார்த்தால் யூனிட் முழுக்க ஐஸ். மலைப்பனியில் அப்படித்தான் கட்டும். மெஷின் அந்த ஐஸைத் தானே உருக்கிவிட்டுச் சில நிமிடங்களில் மறுபடி ஓடும். பழுதே இல்லை. அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

அவர் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு விடியக்காலம் இப்படித்தான் நின்னுச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, பக்கத்துத் தோட்டத்துல ஹீட்டர் வாங்கியார ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா மூச்சு இல்ல. தனியாவே போயிட்டா." பிறகு என்னைப் பார்த்தார். "நான் பக்கத்துலயே இருந்திருந்தாலும் அது ஓடியிருக்காதுல்ல, தம்பி?"

வெளியே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவாக ஓடத் தொடங்கிவிடும். எட்டி மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"ஓடியிருக்காதுண்ணே. உள்ள சர்க்யூட் போர்டு போயிருச்சு. நீங்க போனதுதான் சரி."

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப ரிப்பேர் பண்ண வேணாம். கழட்டிக் கொண்டுபோயிருங்க."

பழுதில்லாததைப் பழுதென்று நான் சொன்னது அந்த ஒரு முறைதான். அந்த மெஷின் இன்னும் என் கடையில் கிடக்கிறது. அதை ஓடவிட்டுப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.